சிங்கத்துக்கு இருபது நிமிடம்

ஆப்பிரிக்காவின் தெற்கு மூலையில் எத்தனையோ வகை உயிரினங்கள் உண்டு. புள்ளி போட்டவை, வரி போட்டவை, கொம்பு வைத்தவை, ஒன்றும் இல்லாமல் சும்மா சேற்றில் கிடப்பவை. இவற்றையெல்லாம் படம் போட்டு விளக்கும் கையேடுகள் பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கின்றன. ஆனால் எந்தக் கையேட்டிலும் இடம் பிடிக்காத ஓர் இனம் இருக்கிறது. மழையில்லாத மாதங்களில், கூரையில் கூடாரம் கட்டிய வண்டிக்குள், நீர்நிலைகளுக்குப் பக்கத்தில் காணப்படும். கடிகாரத்தைப் பார்க்கும், பெருமூச்சு விடும், மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கும். அதுதான் சஃபாரித் திட்டக்காரர். ஒரே காட்டுக்குப் போய், நாலு நாள் காலை நீட்டிப் படுத்துவிட்டுத் திரும்புகிற சோம்பேறிகளை இந்த இனத்தில் சேர்க்கக் கூடாது. பன்னிரண்டு நாளில் ஒன்பது இடம் என்பது இதில் சேர்வதற்கான ஆரம்பத் தகுதி.

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் மாஹிகெங் ஊர் ஒலெபிலேயைப் பாருங்கள். கணக்கு வாத்தியார். மேல்நிலைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தின் நேர அட்டவணையைப் போடுகிறவர். எழுநூறு பிள்ளைகளையும் முப்பது ஆசிரியர்களையும் மணியடித்து நகர்த்திப் பழகிய கைக்கு, யானையையும் நீர்யானையையும் நகர்த்த முடியாதா என்ன? ஒவ்வொரு ஜூலை விடுமுறையிலும் எல்லையைத் தாண்டி போட்ஸ்வானாக் காடுகளுக்குப் போகிறார். அதற்கான வேலையை முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறார். நடுவில் இருக்கும் பதினோரு மாதங்களும் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் அந்த ஊரில் கிடையாது. போகிற பன்னிரண்டு நாள்தான் முகம் வாடிக் கிடக்கும்.

அந்தப் பதினோரு மாதங்களைப் பற்றி என்ன சொல்ல? முகாம்களில் இடம் பிடிக்க விடியலில் எழுந்து கணினி முன் உட்காருவார். பிடித்த இடத்தை மறுநாள் விட்டுவிட்டு வேறு இடம் பிடிப்பார். வரைபடத்தின் மேல் நூல் வைத்து அளப்பார். நூல் இழுபடும் என்று சந்தேகம் வந்து கம்பி வைத்து அளப்பார். பெட்ரோல் போடும் இடத்துக்கு மஞ்சள், எல்லைச் சாவடிக்கு நீலம், இறைச்சி சுடும் வேளைக்குப் பச்சை என்று வண்ணம் தீட்டுவார். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை – பின்புறம் திறந்திருக்கும் அந்த வகை வண்டிக்கு இந்த ஊரில் பக்கி என்று பெயர், நம் ஆட்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம் – வாரம் ஒரு முறை முழுவதும் ஏற்றி, முழுவதும் இறக்கி, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வைப்பார். மாஹிகெங்கில் சனிக்கிழமை என்றால் எங்காவது ஒரு சாவு வீடு உண்டு. காலையிலேயே அடக்கம் முடிந்து, கொட்டகையில் சோளக் களியும் மாட்டிறைச்சியும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, ஒலெபிலே இறந்தவரின் தம்பி பக்கத்தில் போய் உட்காருவார். தோளில் கை வைப்பார். பிறகு மெல்லக் கேட்பார்.

"மணல்ல ஓட்டும்போது டயருக்கு எவ்வளவு காத்து வைக்கிறீங்க?"

"ஒண்ணு புள்ளி நாலு," என்பார் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவரும் அதே இனம்தான்.

இப்படித் தயாராகிற திட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். இந்த ஆண்டுத் திட்டத்தின் முப்பத்தொன்றாவது திருத்தத்தில், ஐந்தாம் நாள் காலை இப்படி இருந்தது: 5:40 எழுதல். 5:44 வரை கழிப்பிடம், ஆண்கள். 5:50 வரை கழிப்பிடம், பெண். 5:50 காபி. 5:53 காபி முடிவு. 6:10 நீர்நிலை. சிங்கம், இருபது நிமிடம். 6:30 புறப்பாடு. நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தாள்கள் அச்செடுத்து, கண்ணாடி போல பிளாஸ்டிக் உறை போட்டு, வண்டியில் போகிற மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்துவிட்டார். மூன்று பேர் யார் யார்? அவர், அவர் மனைவி கெனெயில்வே, கெனெயில்வேயின் அண்ணன் மோத்துசி. மோத்துசி தன் கட்டை வாங்கி, ஒரு முறை விசிறிப் பார்த்துவிட்டு, காற்று வருகிறது என்று பாராட்டினார்.

கெனெயில்வே சிரிக்கவில்லை. அவளுக்கு இந்தப் பயணத்தில் ஒரு காரியம் இருந்தது. இந்த ஊர்க்காரர்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கு உண்டு. அந்த விலங்கின் பெயர் சொல்லித்தான் பெரியவர்கள் ஒருவரை மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அதைக் கொல்ல மாட்டார்கள், தின்ன மாட்டார்கள். கெனெயில்வே சிங்கக் குலம். அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலி, ஐம்பத்திரண்டு வயது, வார்டுக்குள் நுழைந்தால் மருத்துவர்களே குரலைத் தாழ்த்துவார்கள். எல்லாம் சரி. ஆனால் ஐந்து வருடம் ஐந்து சஃபாரி போய் வந்தும் ஒரு சிங்கத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சித்திமார்கள் கேட்பார்கள்: "என்னடி, சொந்தக்காரரைப் பாத்துட்டு வந்தியா?" வருகிற செப்டம்பரில் மோத்துசியின் மகளுக்குக் கல்யாணம். அத்தை என்ற முறையில் கெனெயில்வேதான் சபை நடுவில் நின்று குலத்தின் புகழ்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். பார்த்தே இராத ஒன்றை நாலு பேர் முன்னால் நின்று எப்படிப் புகழ்வது? செவிலியாக இருந்து பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள்.

"இந்த வருஷமும் பாக்கலேன்னா அடுத்த ஜூலைக்கு நான் டர்பன் கடற்கரைக்குப் போயிடுவேன். நீங்க உங்க தாளைக் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போங்க," என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டாள்.

"அதெல்லாம் போட்டாச்சு கெனெ. ஐந்தாம் நாள். 6:10," என்றார் ஒலெபிலே.

ஒலெபிலேயின் குலம் என்ன என்று கேட்கிறீர்களா? முறுக்குக் கொம்பு மான். அது சாலையோரமெல்லாம் நிற்கும். எல்லை தாண்டி அரை மணி நேரத்தில் இரண்டு பார்த்தார்கள். மோத்துசி கண்ணாடியை இறக்கி, கும்பிடு போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே சௌக்கியமா என்று விசாரித்தார்.

முதல் சோதனை மூன்றாம் நாள் வந்தது. ஆற்றங்கரைக் காட்டில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே வந்த வண்டிக்காரர் நிறுத்தி, மூன்று கிலோமீட்டரில் ஒரு மரத்தடியில் இரண்டு சிங்கங்கள் படுத்திருக்கின்றன, இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். கெனெயில்வே இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

ஒலெபிலே கணக்குப் போட்டார். "போக ஒம்போது நிமிஷம், வர ஒம்போது நிமிஷம், பாக்க ஒரு அஞ்சு. மூணு மணிப் படகு போயிடும்."

"படகுல என்னங்க இருக்கு?"

"நீர்யானை. இருபத்தஞ்சு நிமிஷம். போட்டிருக்கேனே."

"நீர்யானையை அஞ்சு வருஷமா பாக்கறோம்."

"இங்க எதுக்கு அவசரம்? சவூட்டில பாத்துக்கலாம். அங்க இதைவிட நல்லாத் தெரியும்."

இந்த இனத்தை அடையாளம் காண இந்த ஒரு வாக்கியம் போதும். அடுத்த இடத்தில் இதைவிட நன்றாகத் தெரியும். முதல் ஊரில் இருக்கும்போது இரண்டாம் ஊரில் தெரியும். இரண்டாம் ஊருக்குப் போனால் மூன்றாம் ஊரில் தெரியும். கடைசி ஊரில் நிற்கும்போது அடுத்த வருடம் தெரியும். நிற்கிற இடத்தில் மட்டும் எதுவும் தெரியாது.

பின்னிருக்கையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மோத்துசி சொன்னார்: "தங்கச்சி, உனக்கு இன்னும் புரியலையா? மாப்ள மான் குலம். சிங்கம் இருக்கற பக்கம் எந்த மானாவது வண்டியைத் திருப்புமா? அதுக்குத்தான் வருஷம் பூரா உக்காந்து அட்டவணை போடறாரு, சிங்கம் வர்ற நேரத்துக்கு வேற ஊர்ல இருக்கணும்னு."

"மச்சான், இது நேர நிர்வாகம்," என்றார் ஒலெபிலே.

"அதைத்தான் மானும் சொல்லுது."

சவூட்டிக்குப் போனார்கள். ஐந்தாம் நாள் 6:10க்கு நீர்நிலையில் வண்டி நின்றது. கெனெயில்வே மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். ஒரு நரி வந்தது. கௌதாரிக் கூட்டம் வந்தது. முறுக்குக் கொம்பு மான்கள் எட்டு வந்து, அவரவர் வீட்டுக் கிணறு போல நிதானமாகத் தண்ணீர் குடித்தன. 6:29க்கு அவை ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் புதர்ப் பக்கம் பார்த்தன. 6:30க்கு ஒலெபிலே வண்டியை முடுக்கினார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றாள் அவள்.

"அஞ்சு நிமிஷம்னு ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும் தெரியுமா? க்வாய்ல பாத்துக்கலாம்."

அன்று மாலை முகாமில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் தன் படங்களைக் காட்டினார். அதே நீர்நிலை, அதே புதர், தண்ணீர் குடிக்கும் நான்கு பெண் சிங்கங்கள். படத்தின் ஓரத்தில் நேரம் பதிவாகியிருந்தது: 6:41. கெனெயில்வே தன் கட்டிலிருந்து ஐந்தாம் நாள் தாளை எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் வெங்காயம் நறுக்கினாள். பிளாஸ்டிக் உறை போட்டது நல்லதாகப் போயிற்று. வழவழப்பாக, கழுவ வசதியாக இருந்தது. அதன் பிறகு பயணம் முழுக்க அதுதான் அரிபலகை.

அது இருக்கட்டும். இந்தக் கதையில் இனிமேல் முக்கியமான பாத்திரம் இறைச்சி. திட்டப்படி ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்கு நெருப்பு மூட்டி இறைச்சி சுட வேண்டும். அதற்காகக் கசானே ஊரில் ஆட்டுத் துண்டும், மாட்டுத் துண்டும், சுருள் சுருளான தொத்திறைச்சியுமாக வாங்கி, வண்டியின் குளிர்பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். ஆனால் தினம் ஒரு காட்டைக் கடந்து, மணலில் சிக்கி, வாயில் மூடும் முன் முகாமுக்குள் பாய்ந்து, கூடாரத்தை விரித்து முடிக்கும்போது யாருக்கு நெருப்பு மூட்டத் தெம்பு இருக்கும்? ரொட்டியும் டப்பா மீனும் தின்றுவிட்டுப் படுத்தார்கள். க்வாயிலும் அப்படி. மொரேமியிலும் அப்படி. ஒலெபிலே மட்டும் தினமும் தவறாமல் அந்தப் பச்சைக் கட்டத்தில் 'முடிந்தது' என்று குறி போட்டார். நாள் முடிந்தால் கட்டமும் முடிந்ததுதானே?

ஒன்பதாம் நாள் எருமை வேலிக்கு வந்தார்கள். காட்டெருமையின் நோய் பண்ணை மாட்டுக்கு ஒட்டாமல் இருக்கக் காட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஓடுகிற கம்பி வேலி அது. காட்டுப் பக்கத்திலிருந்து ஊர்ப் பக்கத்துக்குப் பச்சை இறைச்சி போகக் கூடாது, சமைத்ததென்றால் போகலாம். இது ஒலெபிலேக்குத் தெரியாதா? பிரிவு எண்ணோடு ஒப்பிப்பார். அதனால்தான் வேலிக்கு இரண்டே நிமிடம் ஒதுக்கியிருந்தார். 3:10 வருகை, 3:12 புறப்பாடு. அன்றைக்குள் கலஹாரிப் பாலைவன முகாமை எட்டியாக வேண்டும்.

சாவடியில் பச்சைச் சீருடை போட்ட ஓர் அம்மாள் குளிர்பெட்டியைக் காட்டி, "உள்ள என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லைங்க. இறைச்சி எல்லாம் எட்டாம் நாளே தீந்துடுச்சு," என்றார் ஒலெபிலே. நம்பிக்கையோடு தாளை எடுத்து நீட்டினார். "பாருங்க, பச்சைக் கட்டம். எல்லாத்துலயும் முடிந்ததுன்னு இருக்கு."

அந்த அம்மாள் தாளைப் படித்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். பதினொரு கிலோ இறைச்சி இருந்தது.

"தாள்ல தீந்துபோச்சு," என்றாள் அவள் பொறுமையாக. "பெட்டில தீரலையேங்க."

ஒலெபிலே பெட்டியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ தாளுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று தோன்றும். அம்மாள் இரண்டு வழி சொன்னாள். இறைச்சியை இங்கே கொடுத்துவிட்டால் குழியில் போட்டு எரித்துவிடுவோம். இல்லையென்றால் இங்கேயே சுட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், மரத்தடியில் கரி இருக்கிறது.

"கொடுத்துடறோம், அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும்," என்றார் ஒலெபிலே.

"கொடுத்துடறதா?" என்றார் மோத்துசி. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்த மனிதருக்கு அப்போதுதான் முதல் முறையாகக் கோபம் வந்தது. "நல்ல ஆட்டுத் தொடையைக் குழில போட்டு எரிக்கறதா? மாப்ள, நீங்க யார் வீட்டுல பொறந்தீங்க?"

"மச்சான், சுட்டா ரெண்டு மணி நேரம் போயிடும். கலஹாரி முகாம் அவ்வளவுதான். பத்தாம் நாள் பூரா சரிஞ்சுடும், பதினொண்ணும் சரிஞ்சுடும்."

கெனெயில்வே வண்டிச் சாவியைத் திருகி எடுத்தாள். அதை மேல்சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள். வார்டில் பேசுகிற குரலில், "சரியட்டும். அடுப்பை இறக்குங்க," என்றாள்.

கணவனும் அண்ணனும் அடுப்பை இறக்கினார்கள்.

நெருப்பு எரிந்து கனலாகி, கொழுப்பு சொட்டச் சொட்ட வாசனை கிளம்பியதும், சாவடி அம்மாளும் அவளுடைய கூட்டாளியும் தட்டோடு வந்து சேர்ந்தார்கள். சோளக் களி அவர்களிடம் இருந்தது. ஒன்பது நாளில் முதல் முறையாகக் கெனெயில்வே சூடாக ஏதோ தின்றாள். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு துண்டு தொத்திறைச்சியை நின்றபடியே விழுங்கிவிட்டு, புகை ஆகாது என்று சொல்லி, ஒலெபிலே மடிக்கணினியோடு வண்டிக்குள் ஏறிக் கதவையும் கண்ணாடியையும் சாத்திக்கொண்டார். திட்டத்தின் முப்பத்திரண்டாவது திருத்தம் தொடங்கியது.

ஐந்தரை மணி இருக்கும். வெயில் சாய்ந்து வேலிக்கம்பி மஞ்சளாக மின்னியது. சாவடி அம்மாள் வேலியோரம் ஓடுகிற மண்பாதையைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"மெதுவா எழுந்திரிங்க," என்றாள். "ஓடாதீங்க. தகரக் கொட்டகைக்குள்ள வாங்க. வண்டில இருக்கவரு கதவைச் சாத்தியிருக்காரில்ல? அப்ப சரி, அவரு அங்கயே இருக்கட்டும்."

நான்கு பேரும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஜன்னலில் முகத்தை வைத்தார்கள். மண்பாதையில் ஆண் சிங்கம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. மூக்கில் குறுக்கே பழைய தழும்பு, இடது காதில் ஒரு வெட்டு, பிடரி கழுத்தடியில் கறுத்திருந்தது. கனல் பக்கம் வந்து முகம் சுளித்தது. கீழே கிடந்த அரிபலகையைக் கண்டது. ஆட்டுக்கொழுப்பும் வெங்காயமும் ஊறிய ஐந்தாம் நாளை முன்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாக்கால் சரட் சரட்டென்று நக்கியது. 5:40 எழுதலிலிருந்து 6:30 புறப்பாடு வரைக்கும் ஒன்று விடாமல் நக்கியது.

கெனெயில்வேக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அதைத் துடைக்கவில்லை. துடைக்கிற நேரத்தில் எதையாவது விட்டுவிடுவோமோ என்று பயம். அத்தனை வருடமாக மற்றவர்கள் தன்னைக் கூப்பிட்ட பெயர் இவ்வளவு பெரியதா என்று இருந்தது அவளுக்கு.

சிங்கம் எழுந்தது. வண்டியைச் சுற்றி வந்து, ஒலெபிலேயின் கண்ணாடிக்கு மூன்றடி தூரத்தில் நின்றது. உள்ளே பார்த்தது. உள்ளே மான் குலத்தவர் தலையைக் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பத்தாம் நாளை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

மோத்துசி கையைத் தூக்கினார். கத்தப் போகிறார் என்று தெரிந்து கெனெயில்வே அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேணாண்ணே."

"அவரும் பாக்கட்டுமே தங்கச்சி, பாவம்."

"கூப்பிட்டா மொதல்ல மணி பாப்பாரு. அப்புறம் எத்தனை நிமிஷம்னு கேப்பாரு. இது என்னுது, இருக்கட்டும்."

சிங்கம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. எத்தனை நிமிடம் என்று கெனெயில்வேக்குத் தெரியாது. பிறகு சலித்துப்போய்த் திரும்பி, வந்த பாதையிலேயே நடந்து புதருக்குள் போய்விட்டது. இன்னும் நெடுநேரம் யாரையும் வெளியே விடவில்லை சாவடி அம்மாள். அவர்கள் வெளியே வந்தபோது வண்டியின் கண்ணாடி இறங்கியது. ஒலெபிலேயின் முகம் ஒன்பது நாளில் காணாத மலர்ச்சியோடு இருந்தது.

"முடிச்சுட்டேன் கெனெ. ராத்திரி மவுன் ஊர்ல தங்கறோம். நாளைக்குக் கலஹாரி. உனக்காகச் சிங்கத்துக்கு நாப்பது நிமிஷம் போட்டிருக்கேன், பாரு."

"சரிங்க," என்றாள் அவள். வாய் நிறைய அன்போடுதான் சொன்னாள். அந்த மனிதர் அவளுக்காக இருபதை நாற்பதாக்க என்ன பாடுபட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் கலஹாரியில் நாற்பது நிமிடம் அவரோடு சேர்ந்து வெறும் மணலைப் பார்த்தாள். முறுக்குக் கொம்பு மான் ஒன்று வந்தது.

செப்டம்பரில் கல்யாணம். கொட்டகை நிறைந்த கூட்டம். கெனெயில்வே நடுவில் வந்து நின்று புகழ்ப்பாட்டைத் தொடங்கினாள். வழக்கமான வரிகளைச் சொல்லி முடித்தவள், யாரும் கேட்டிராத வரிகளையும் சேர்த்துச் சொன்னாள்: மூக்கில் தழும்புடையவனே, காதில் வெட்டுடையவனே, கனலுக்கு முகம் சுளித்தவனே, வேலியோரம் வெயில் சாயும் வேளையில் வந்தவனே. சித்திமார்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி கட்டிக்கொண்டு, "பாத்துட்டியாடி? எங்க? எப்ப?" என்றாள்.

"எருமை வேலில. ஒன்பதாம் நாள் சாயங்காலம், அஞ்சரை மணிக்கு," என்றாள் கெனெயில்வே.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒலெபிலே நிமிர்ந்தார். நெற்றி சுருங்கியது. கைப்பேசியைத் தட்டி, திட்டத்தை எடுத்து, ஒன்பதாம் நாளுக்கு விரலை நகர்த்தி, 'முடிந்தது' என்ற குறியைச் சரிபார்த்தார். பிறகு சபையில் எல்லோர் காதிலும் விழும்படி, மனைவி மேல் துளியும் கோபமில்லாமல், தப்பான விடையைத் திருத்துகிற வாத்தியாரின் பரிவோடு சொன்னார்.

"இல்ல கெனெ, நீ எதையோ மாத்தி நெனச்சுக்கிட்டிருக்கே. அஞ்சரை மணிக்கு நாம அங்க இல்லவே இல்ல. 3:12க்கே கிளம்பிட்டோம்."

சிரிக்கிறீர்கள். நானும்தான் சிரித்தேன். இவரை எங்களுக்குத் தெரியும், எங்கள் மாமா ஒருவர் அச்சு அசல் இப்படித்தான் என்றுகூடச் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ இரண்டு தடவை உங்களை எதற்கோ கூப்பிட்டார்களே, "இதோ, முடிச்சுட்டு வரேன்" என்றீர்களே, நினைவிருக்கிறதா? இப்போது முடித்துவிட்டீர்கள். நிமிர்ந்து பாருங்கள். அங்கே யாரும் இல்லையென்றால், அவர்கள் காட்ட வந்தது என்னவென்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.